வீடு மாறும் முன்: வேண்டாத கட்டிலையும் பழைய ஃப்ரிட்ஜையும் என்ன செய்வது?

கோடை விடுமுறையில் வீடு மாறவிருக்கும் வாசகர்கள் பலர், கையோடு கொண்டுபோக முடியாத சாமான்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: சென்னை பெரம்பூரில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வைகாசியில் திருச்சியில் உள்ள எங்கள் சிறிய அடுக்கக வீட்டுக்குப் போகிறோம். இங்கே இருக்கும் சாமான்களில் பாதிகூட அங்கே அடங்காது. புறப்படும் நாளில் காயலான் கடைக்காரரை அழைத்து மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்யலாமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள், அம்மா. வாசலில் லாரி நிற்கும் நேரத்தில் வரும் வியாபாரிக்கு உங்கள் அவசரம் நன்றாகத் தெரியும். நல்ல நிலையில் உள்ள சாப்பாட்டு மேசையும், ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினும், கால் உடைந்த நாற்காலியும் அன்றைக்கு ஒரே தராசில் ஏறி, எடைக்கு எடை விலையாகிவிடும். வாஷிங் மெஷினைத் தண்ணீர்க் குழாயில் இணைத்து, துணி போட்டு, ஓட வைத்துக் காட்டும் வரைதான் வாங்குபவருக்கு அது வாஷிங் மெஷின். இணைப்பைக் கழற்றி வராந்தாவில் வைத்துவிட்டால், ஓடுமா ஓடாதா என்ற சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். ஆகவே புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். பொருளின் நிலையைவிட, உங்கள் கையில் இருக்கும் நாள்களே அதன் விலையையும் அது போய்ச் சேரும் இடத்தையும் தீர்மானிக்கின்றன.

முதல் வேலை திருச்சி வீட்டை அளப்பது. அறைகளின் நீள அகலத்தோடு நில்லாமல், வாசற்கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், மின்தூக்கியின் உட்புறம் ஆகியவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலைக் கழற்றி ஏற்றிவிடலாம். கதவுகளோடு ஒரே உடலாகச் செய்யப்பட்ட பெரிய பீரோவைக் கழற்ற முடியாது. படிக்கட்டுத் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டால், இங்கிருந்து அங்கே கொண்டுபோன செலவும் வீண், அங்கே அதை விற்க அலைவதும் மிச்சம்.

இரண்டாவது, இடமாற்ற நிறுவனத்தார் வந்து சாமான்களைப் பார்த்துக் கட்டணம் சொல்வதற்கு முன்பே எவையெவை போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிடுங்கள். வண்டியில் அடைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அவர்கள் தொகை சொல்கிறார்கள். பெரிய சாமான்களோடு எவ்வளவு, அவை இல்லாமல் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் அப்பொருள்களைக் கொண்டுபோவதற்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மேலே வழுவழுப்பான தாள் ஒட்டிய அலமாரிகள் விஷயத்தில் இந்தக் கணக்கு மிகவும் முக்கியம். பலகையின் ஓரம் பிய்ந்த இடத்தில் உள்ளே தூளாகத் தெரிந்தால், அதன் திருகாணித் துளைகள் இரண்டாவது முறை கழற்றிப் பூட்டுவதைத் தாங்குவது அரிது. அவற்றை நிற்கும் இடத்திலேயே, நிற்கும் நிலையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது.

வெளியாருக்குச் சொல்வதற்கு முன் வீட்டு உரிமையாளரிடமும், தெரிந்தால் அடுத்துக் குடிவரப் போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏசி, கீசர், சுவரில் அடித்த அலமாரி, திரைச்சீலைக் கம்பிகள் போன்றவற்றைக் கழற்றினால் கழற்றுக் கூலியும் உண்டு, சுவரில் விழும் ஓட்டைகளுக்கு முன்பணத்தில் பிடித்தமும் உண்டு. பேசிய தொகையை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, முன்பணத்தைத் திரும்பப் பெறும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் வைகாசியில் போவது ஒரு வகையில் சாதகமானது. ஆடியில் வீடு மாறுவோர் குறைவு என்பதால், பழைய சாமான் தேடுவோரும் அந்த மாதத்தில் குறைந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பு, கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலையை ஒட்டி, அறை எடுத்துத் தங்கும் மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் ஒற்றைக் கட்டில், மேசை, சிறிய ஃப்ரிட்ஜ் ஆகியவற்றைத் தேடி அலைவார்கள். பக்கத்துத் தெருக்களில் தெரியப்படுத்துங்கள். அடுக்ககமானால் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். கீறல், துரு, மாற்றிய உதிரிபாகம் எதுவாயினும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வந்து பார்த்த பிறகு தெரிந்தால் பேரம் பொருளைவிட்டு உங்கள் நேர்மையின் மேல் திரும்பும்.

இணையத்தில் விளம்பரம் செய்தால் ஓர் எச்சரிக்கை தேவை. பொருளைப் பார்க்காமலேயே கேட்ட விலைக்குச் சம்மதித்து, தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி, பணம் அனுப்புவதற்கென்று ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி ரகசிய எண்ணைப் பதியச் சொல்லும் மோசடி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் பதிந்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேதான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.

பீரோவையோ மேசையையோ கொடுக்கும் முன் இழுப்பறைகளை முழுவதுமாக வெளியே உருவி எடுத்துவிட்டு, உள்ளே கையை விட்டுப் பின்பலகை வரை தடவிப் பாருங்கள். நிரம்பி வழிந்த இழுப்பறையிலிருந்து பின்பக்கம் நழுவிய பத்திர நகலும், வங்கி ரசீதும், சில வீடுகளில் காதுத் தோடும் அங்கே கிடக்கும். சமையல் எரிவாயு உருளையை மட்டும் யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. உருளையையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டும் வைப்புத் தொகையும் பெற்றுக்கொண்டு திருச்சியில் இணைப்பைப் பெறுங்கள். அடுப்பு உங்களுடையது, அதைக் கொண்டுபோகலாம்.

கேள்வி: எங்கள் ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது, சரிசெய்வது வீண் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஏசியையும் விற்க நினைக்கிறோம். காயலான் கடைக்காரர் வீட்டு வாசலிலேயே ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள குழாயை வெட்டி, கம்ப்ரஸரை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இதில் தவறு உண்டா? – வாசகர், மதுரை

பதில்: உண்டு. அந்தக் குழாயை வெட்டும்போது கேட்கும் சீறல் ஒலி, உள்ளிருக்கும் குளிரூட்டி வாயு காற்றில் கலக்கும் ஒலிதான். ஃப்ரிட்ஜின் பின்புறம் கம்ப்ரஸருக்கு அருகிலோ, உள்பக்கச் சுவரிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் அது எந்த வாயு என்று எழுதியிருக்கும். மிகப் பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கக்கூடியது. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலக நாடுகள் அதைக் கைவிட்டன. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைப் பாதிக்காது. ஆனால் புவியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அண்மைக்காலப் பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். அதனால் சூழலுக்குக் கேடு மிகக் குறைவு. ஆனால் எளிதில் தீப்பற்றும். தீச்சுவாலை வரைந்த முக்கோணக் குறி அந்தச் சீட்டில் இருந்தால், மூடிய இடத்தில் குழாயை வெட்டுவது வெட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. பெட்டியை முழுதாக எடுத்துச் செல்பவருக்கே கொடுங்கள்.

யார் அப்படி எடுத்துச் செல்வார்கள் என்று கேட்பீர்கள். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தாம் விற்ற பொருள்களுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு கழிவு மறுசுழற்சி செய்யப்படுவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று அவை சொல்கின்றன. ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், தொலைக்காட்சி எல்லாம் அவற்றுள் அடங்கும். எனவே ஃப்ரிட்ஜ் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, பழைய பெட்டியைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கேளுங்கள். அல்லது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று பாருங்கள். கிடைக்கும் தொகை காயலான் கடையைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்காக இதைத் தவிர்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

புதுப்பெட்டி வாங்கப்போகிறீர்கள் என்றால், கடைக்காரர் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் தொகையை மட்டும் கேட்டு மகிழாமல், பழையதைக் கொடுக்காவிட்டால் புதியதன் விலை என்ன என்பதையும் கேளுங்கள். இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் பழைய பெட்டியின் மதிப்பு.

ஏசி ஓடும் நிலையில் இருந்தால், கழற்றுவதற்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கையே அழையுங்கள். அவர் ஏசியை ஓடவிட்டு, வெளிப்புறப் பெட்டியில் உள்ள மெல்லிய குழாயின் வால்வை அல்லன் சாவியால் மூடுவார். வாயு முழுவதும் வெளிப்பெட்டிக்குள் இழுக்கப்பட்ட பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்துவார். சில நிமிட வேலைதான். இப்படிச் செய்தால் வாயு காற்றில் கலக்காது. வாங்குபவர் மறுபடியும் வாயு நிரப்பும் செலவும் பெரும்பாலும் மிச்சமாகும். நேரே நட்டைத் தளர்த்திக் குழாயைப் பிரிக்கிறவரை அனுமதிக்காதீர்கள். சுவரோரம் ஓடும் செம்புக் குழாயையும் மறந்துவிட வேண்டாம். அதற்கு நல்ல விலை உண்டு.

எடுத்துச் செல்ல ஆள் வரும் வரை பழுதான ஃப்ரிட்ஜை மாடியிலோ மாடிப்படியின் அடியிலோ வைக்க நேர்ந்தால் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால், அதன் அழைப்பு வெளியே கேட்காது.

கேள்வி: வேலை செய்யும் பழைய ஃப்ரிட்ஜை எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் அம்மாவுக்குக் கொடுத்துவிட நினைக்கிறேன். அவர் தயங்குகிறார். வற்புறுத்தலாமா? – வாசகி, வேளச்சேரி

பதில்: வற்புறுத்த வேண்டாம், தயக்கத்துக்குக் காரணம் என்னவென்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறைந்தது 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் மட்டும் இருக்கும் சிறிய வீட்டில், அந்த அளவுக்குள்ளேயோ சற்றுக் கூடுதலாகவோ கணக்கை முடித்துவிடுவார்கள். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால், அறுபது நாளில் அது மட்டுமே 90 யூனிட். நீங்கள் அன்போடு கொடுத்த பொருள் அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணமாக வந்து நிற்கும். அதோடு வாடகை வீட்டில் தனி மீட்டர் இல்லாமல், உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் சுமை இன்னும் கூடும். வைக்க இடம் இருக்கிறதா, வாசலில் நுழையுமா, கொண்டுபோகும் வண்டிக்கு யார் பணம் கொடுப்பது என்பவையும் அவர் மனத்தில் ஓடும் கேள்விகளே. அவற்றை உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவார்.

எல்லாவற்றையும் பேசிய பிறகு அவர் வேண்டும் என்றால், வண்டிக் கூலியையும் நீங்களே கொடுத்து, உள்ளே துடைத்து, பழைய ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் அதையும் மாற்றிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் விற்று, அந்தத் தொகையை அவரிடம் கொடுத்துவிடலாம். எங்களுக்கு இதுவே மேலானதாகத் தோன்றுகிறது. முதியோர் இல்லங்களுக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கும் கொடுக்க நினைப்பவர்களும் முன்கூட்டியே தொலைபேசியில் அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் கொண்டுபோய் இறக்கும் சோபாவை எங்கே வைப்பது என்பது அவர்களுக்குப் பெரும் பாடு.

கேள்வி: பரணில் அரசு கொடுத்த பழைய வண்ணத் தொலைக்காட்சி, இன்வெர்ட்டர் பேட்டரி, ஒரு பழைய கணினி ஆகியவை கிடக்கின்றன. எடைக்குப் போடலாமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: 2006-க்கும் 2011-க்கும் இடையில் வீடுதோறும் வழங்கப்பட்ட அந்தத் தொலைக்காட்சிகள் பின்பக்கம் புடைத்த, கண்ணாடிக் குழாய் கொண்டவை. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. குழாயின் உள்ளே காற்றே இல்லை. பின்கழுத்தில் சுற்றியுள்ள செம்புக் கம்பிக்காகச் சுத்தியலால் தட்டி உடைக்கும்போது சில்லுகள் தெறிக்கும். ஈயக் கண்ணாடி காலியிடத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டப்படும். கழிவாகப் பார்த்தால் இந்தப் பெட்டிக்குப் பெரிய விலை கிடையாது. ஆகவே விலையை எதிர்பாராமல், முழுப்பெட்டியாகவே மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி விஷயம் வேறு. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களும்தான் என்பதால் நல்ல விலை உண்டு. அந்த விலைக்காகவே அதைக் கொல்லைப்புறங்களில் உடைத்து உருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஈயப் புகை அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பேட்டரியை விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டின் விதிகளிலேயே சொல்லப்பட்டது. 2022-இல் வந்த புதிய விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் ஏற்றியுள்ளன. பேட்டரிக் கடையிலேயே கொடுத்து ரசீது பெறுங்கள். பெரிய பேட்டரி ஐம்பது கிலோவுக்கும் மேல் இருக்கும். பரணிலிருந்து ஒருவராக இறக்க முயலாதீர்கள். இறக்கும்போது சாய்க்கக் கூடாது, உள்ளிருக்கும் அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

கணினியில் கோப்புகளை நீக்குவதால் மட்டும் அவை அழிந்துவிடுவதில்லை; மீட்டெடுக்க முடியும். கோப்புகள் பதிந்திருக்கும் வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுப்பதே எளிய வழி. ஸ்மார்ட் டிவி கொடுப்பவர்கள் தங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, அமைப்பை வாங்கியபோது இருந்த நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: காரைக்குடியில் உள்ள தாத்தா வீட்டை விற்கிறோம். பர்மா தேக்கு அலமாரி, வேலைப்பாடு கொண்ட ஊஞ்சல் பலகை, மரப்பெட்டிகள் இருக்கின்றன. ஒரு தரகர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மொத்த விலைக்குச் சம்மதிக்காதீர்கள். தரகர் மொத்தமாகக் கேட்கும் சாமான்களில் ஒன்றிரண்டுதான் அவர் உண்மையில் குறிவைப்பவை. மற்றவை அவற்றை மறைப்பதற்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து, நீளம், அகலம், பலகையின் தடிமன் ஆகியவற்றை எழுதுங்கள். அலமாரியின் பின்பக்கத்தையும் இழுப்பறையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்: முன்னால் தேக்கும் பின்னால் மலிவு மரமும் வைத்துச் செய்தவை உண்டு, எல்லாப் பக்கமும் ஒரே மரமாக, ஆணியில்லாமல் பொருத்தி இணைத்திருந்தால் மதிப்பு வேறு. பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வாங்குபவரைப் போலப் போய், அதே வகைப் பொருளுக்கு அங்குள்ள பழம்பொருள் கடைகள் என்ன விலை சொல்கின்றன என்று கேட்டு வாருங்கள். அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது. கடைக்காரருக்கு வாடகையும் சீரமைப்புச் செலவும் உண்டு. ஆனால் தரகர் சொன்னது எவ்வளவு குறைவு என்பது அப்போது விளங்கும்.

விற்பதற்கு முன் பாலிஷ் போட வேண்டாம். பழம்பொருள் வாங்குவோர் மரத்தின் பழைய மேற்பரப்பையே விரும்புகிறார்கள். அடியில் மெல்லிய மரத்தூள் குவியல் இருந்தால் வண்டு துளைத்திருக்கிறது என்று பொருள். மருந்து அடிக்காமல் மற்ற சாமான்களோடு ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். இன்னொன்று: நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் தடை செய்கிறது. அயல்நாட்டில் வாழும் உறவினருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் விளக்கம் பெறுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஊஞ்சல் பலகையை மாட்ட இடமிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். விற்ற பிறகு அதே தரத்தில் இன்னொன்று வாங்குவது எளிதல்ல.

கேள்வி: பழைய மெத்தைகளை யாரும் வாங்க மறுக்கிறார்கள். போகியன்று எரித்துவிடலாமா, அல்லது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமா? – வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: இரண்டும் வேண்டாம். மெத்தை எந்த வகை என்று முதலில் பாருங்கள். இலவம் பஞ்சு மெத்தையானால் அது கழிவே அல்ல. உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, அடித்து, புதிய உறையில் திணித்துக் கொடுக்கும் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சுக்கு இன்றும் கிராக்கி உண்டு. பெரிய மெத்தையைப் பிரித்துத் தலையணைகளாக மாற்றினால் கொண்டுபோகவும் எளிது. நுரை மெத்தைக்கு இந்த வழி இல்லை. பாலியூரித்தேன் நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகிறது, இரண்டும் நச்சு. 2018 ஜனவரியில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களை முடக்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் புகை முதலில் சூழ்வது நம் தெருவில் உள்ள முதியவர்களையும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளையும்தான்.

தொட்டிக்கு அருகில் வைத்த மெத்தை மழையில் ஊறினால் இரண்டு பேர் தூக்கும் எடை நான்கு பேர் தூக்கும் எடையாகும். அதைத் தூக்கப்போவது தூய்மைப் பணியாளர்கள். சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை அழைத்து, முகவரியையும் பொருளின் அளவையும் சொல்லி, எடுத்துச் செல்லும் நாளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அழைப்பது நல்லது. அவர்கள் குறித்த நாள் தள்ளிப்போனாலும் நீங்கள் அங்கே இருப்பீர்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, மெத்தையைப் பாலித்தீன் உறையில் இறுகக் கட்டி, மழை படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்.